இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை: வீட்டில் மூன்று மொழி இருப்பதுதான் காரணமா?

கேள்வி சுருக்கமாக: மகனுக்கு 2 வயது 2 மாதம். அம்மா தமிழ், அப்பா தெலுங்கு, இருவரும் தங்களுக்குள் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலம். இருப்பது பெங்களூரு, பகலில் பையனைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கன்னடம். பையன் "பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான்" சொல்கிறான். ப்ளே ஸ்கூலில் "பிள்ளை குழம்பிப்போறான், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்கிறார்கள். ஊரிலிருக்கும் பாட்டியோ, "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், மூணு வயசுல கடகடன்னு பேசிடுவான்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பல மொழி காதில் விழுவதால் பேச்சு தள்ளிப்போவதில்லை. அதனால் ஒரு மொழியை நிறுத்துவதில் பயன் எதுவும் இல்லை. அதே காரணத்தால், "மூணு பாஷை வீடு, அப்படித்தான் இருக்கும்" என்று காத்திருக்கவும் முடியாது. இந்த இரண்டில் காத்திருப்பதுதான் அதிகம் கெடுக்கிறது. மொழியை நிறுத்தினால் பிள்ளைக்கு ஒரு பாஷை போகும், பாட்டியோடு பேச்சு போகும். காத்திருந்தால், காது சரியாகக் கேட்காத பிள்ளைகூட ஒரு வருடம் யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

வீட்டில் ஒரு மொழி என்றாலும் மூன்று என்றாலும் எதிர்பார்ப்பு ஒன்றுதான். பத்து மாதத்துக்குள் 'பபப', 'ததத' என்று அடுக்க வேண்டும். ஒரு வயதை ஒட்டிக் கைகாட்ட வேண்டும், டாட்டா காட்ட வேண்டும். 12 முதல் 15 மாதத்துக்குள் முதல் சொற்கள். 24 மாதத்தில் சுமார் 50 சொல், கூடவே "பால் வேணும்", "அப்பா போச்சு" போல இரண்டைச் சேர்ப்பது. 24 மாதத்தில் இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் 'தாமதமாகப் பேசும் குழந்தை' என்கிறார்கள். அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு அமைப்பான சிடிசி 2022-இல் மாற்றிய வளர்ச்சிப் பட்டியலில் 50 சொல் என்பது 30 மாதத்துக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. அதைக் காட்டி "இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று யாராவது சொன்னால் ஏமாற வேண்டாம். நூற்றில் 75 பிள்ளைகளாவது எட்டிவிட்ட வயதாகப் பார்த்துக் குறித்த கோடு அது. அந்த வயதாகியும் எட்டவில்லை என்றால் உடனே சோதிக்க வேண்டும் என்று பொருள். தவிர, இரண்டு சொல் சேர்ப்பதை அதே பட்டியல் 24 மாதத்திலேயே வைத்திருக்கிறது.

ஆகவே முதல் வேலை எண்ணுவது. "பத்துப் பன்னிரண்டு" என்பது நினைவிலிருந்து சொல்லும் கணக்கு, அநேகமாகத் தப்பாகத்தான் இருக்கும். பல மொழி வீட்டில் எண்ணிக்கை குறையக் காரணமும் உண்டு: அம்மாவுக்குத் தெரிந்த சொற்களை அப்பா கேட்டதில்லை, பார்த்துக்கொள்பவர் தினமும் கேட்கும் சொற்களை இருவருமே கேட்டதில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் என்று நான்கு கட்டம். ஏழு நாள், வீட்டில் யார் எந்தச் சொல்லைக் கேட்டாலும் உடனே எழுத வேண்டும்.

எது சொல், எது சொல் இல்லை என்பதில்தான் சிக்கல் வரும். யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரே பொருளுக்கு ஒரே ஒலியை, பல தடவை பயன்படுத்தினால் அது சொல். தண்ணீருக்கு எப்போதும் "ணண்ணி" என்றால் சொல். பசுவைப் பார்த்து "ம்மா", நாயைப் பார்த்து "பவ்பவ்" சேரும். மம்மு, ஜோஜோ, ஆய் எல்லாம் சேரும். நீங்கள் "சொல்லு, சொல்லு" என்றதும் திருப்பிச் சொன்னது சேராது. யூடியூபில் கேட்ட பாட்டை முழுதாகப் பாடுவதும், "ஒன் டூ த்ரீ" என்று பத்து வரை ஒப்பிப்பதும் சேராது. 'நூறு வரை எண்ணுகிறான், ஏபிசிடி சொல்கிறான், ஆனால் தண்ணி கேட்கத் தெரியாது' என்பது பெருமைப்பட வேண்டிய செய்தி இல்லை. மருத்துவரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி.

தண்ணி, நீள்ளு, வாட்டர் மூன்றையும் சொன்னால் மூன்று சொல்லாகவே எண்ணுங்கள். எல்லா மொழியையும் கூட்டிய மொத்தத்தைத்தான் 50-உடன் ஒப்பிட வேண்டும். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை வைத்து பார்பரா பியர்சன் குழுவினர் 1993-இல் காட்டியதும் இதுதான்: ஒரு மொழியை மட்டும் பார்த்தால் பின்தங்கியதுபோலத் தெரிந்த பிள்ளைகள், இரண்டையும் சேர்த்தபோது ஒருமொழிப் பிள்ளைகளுக்குச் சமமாக நின்றார்கள். உங்கள் வீட்டில் ஒரு விதிவிலக்கு தேவை. தமிழ் 'பால்', தெலுங்கு 'பாலு' இரண்டும் பிள்ளை வாயில் 'பா' என்றுதான் வரும். 'அம்மா' எல்லாவற்றுக்கும் பொது. பிரித்துச் சொல்ல முடியாததை ஒன்றாகவே எழுதுங்கள்.

'இரண்டு சொல் சேர்ப்பது' என்ற அளவுகோல் ஆங்கிலத்துக்காக வெட்டியது, தமிழ்ப் பிள்ளைக்கு அது சரியாக உட்காராது. "வரல", "வேணாம்", "சாப்ட்டேன்" ஒவ்வொன்றும் ஒரு முழு வாக்கியம். "சாப்ட்டேன்" என்பதில் செயல், காலம், ஆள் மூன்றும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் அதற்கே இரண்டு சொல் வேண்டும். ஆகவே தாளில் இன்னொரு வரி சேருங்கள்: சொல்லின் வால் மாறுகிறதா? "அம்மா" மட்டும்தானா, "அம்மாட்ட", "வண்டில" என்றும் வருகிறதா? "போ" மட்டுமா, "போச்சு", "போகல" என்றும் வருகிறதா? வால் மாறுகிறது என்றால் இலக்கணம் முளைத்துவிட்டது. தமிழ் தெரியாத ஒருவர் மதிப்பிடும்போது இது கண்ணில் படாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, எவ்வளவு புரிகிறது. எத்தனை சொல் என்பதைவிட இது முக்கியம். இங்கே எல்லாப் பெற்றோரும் ஒரே இடத்தில்தான் தவறுகிறார்கள். "செருப்ப எடுத்துட்டு வா" என்று சொல்லும்போதே கண் செருப்பைப் பார்க்கும், கை லேசாக நீளும், அப்பா ஏற்கெனவே கதவைத் திறந்திருப்பார். பிள்ளை சொல்லைப் புரிந்து எடுத்து வரவில்லை, சூழ்நிலையைப் புரிந்து எடுத்து வருகிறது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிள்ளை முகத்தையே பார்த்து, சம்பந்தமில்லாத நேரத்தில் சொல்லிப் பாருங்கள். மதியம் தரையில் விளையாடும்போது, "பந்தை எடுத்து அப்பாகிட்ட குடு." இரண்டு வயதில் இப்படி இரட்டைக் கட்டளையைச் செய்ய வேண்டும். நீங்கள் தமிழில், அப்பா தெலுங்கில், அந்த அக்கா கன்னடத்தில் என்று ஒவ்வொருவரும் தனித்தனியே சோதியுங்கள். ஒரு மொழியில் நன்றாகப் புரிந்தாலே நல்ல அறிகுறி. எதிலும் புரியவில்லை என்றால், சொல் எண்ணிக்கையை மறந்துவிட்டு நேரே மதிப்பீட்டுக்குப் போங்கள்.

கைச்சாடையையும் கவனியுங்கள். மேலே பறக்கும் விமானத்தை விரலால் காட்டிவிட்டு, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது ஒரு ரகம். முகத்தையே பார்க்காமல் உங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஃப்ரிட்ஜ் மேல் வைப்பது வேறு ரகம். முதலாவதைச் செய்கிற பிள்ளை பேச்சின் பாதி வழியில் இருக்கிறது. இரண்டாவது மட்டும்தான் இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றால், ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்கும், 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவத்தைக் குழந்தை மருத்துவரிடம் கேட்டு நிரப்புங்கள். இந்த இடத்தில் "இது டிவி, போன் பார்த்து வந்த விர்ச்சுவல் ஆட்டிசம், மூணு மாசப் பேக்கேஜ்ல சரியாகிடும்" என்று விற்பவர்களும் வருவார்கள். நோயறியும் கையேடுகள் எதிலும் அப்படி ஒரு நோய் கிடையாது.

எண்ணுவதற்கான ஏழு நாள் முடியும்வரை காத்திருக்கக்கூடாத ஒன்று காது. "கூப்பிட்டா திரும்புறானே, கதவு தட்டினா ஓடுறானே" என்பது போதாது. கதவு தட்டும் ஒலி தாழ்ந்த ஒலி, அது அதிர்வாகவும் வரும். மேல்ஸ்தாயி ஒலிகளை மட்டும் இழந்த பிள்ளைக்கு உயிரொலிகள் கேட்கும்; ச, ஸ, ஷ போன்றவை கேட்காது. 'சட்டை'யும் 'அட்டை'யும் அதன் காதில் ஒன்றுபோலவே விழும். பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறியிருந்தாலும் போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி, வலியே இல்லாமல் கேட்கும் திறன் குறையலாம். ஓஏஇ (உள்காது வேலை செய்கிறதா), இம்பீடன்ஸ் (செவிப்பறைக்குப் பின்னால் நீர் இருக்கிறதா), தேவைப்பட்டால் பெரா (ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டுவரை போகிறதா), இவை இந்த வயதில் வழக்கமாகச் செய்யும் சோதனைகள். பெராவுக்குப் பிள்ளை அசையாமல் தூங்க வேண்டும். முதல் நாள் இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, வண்டியில் போகும்போது கண் அசந்துவிடாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமலே முடியும். நீர் இருப்பது தெரிந்தால் உடனே அறுவை இல்லை. பொதுவாக மூன்று மாதம் பார்த்து, வடியாவிட்டால் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் முடிவெடுப்பார்.

இனி மொழிக் கணக்கு. ஒரு வாரத்தை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்டு, அந்த அரைமணியில் பிள்ளையிடம் யார், எந்த மொழியில் பேசினார்கள் என்று நிரப்புங்கள். பெரியவர்கள் தங்களுக்குள் பேசியது வேண்டாம், டிவி வேண்டாம், பிள்ளையைப் பார்த்துப் பேசியது மட்டும். இரண்டு வயதுப் பிள்ளை நாளுக்குச் சுமார் 12 மணி நேரம் விழித்திருக்கும், வாரத்துக்கு 84. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் காலை 1, மாலை 2½, ஆக வாரநாள் ஐந்துக்கும் சேர்த்து 17½ மணி நேரம் அம்மா கையில். அதில் சமையல், ஆபீஸ் போன் எல்லாம் கழித்தால் பாதிகூட மிஞ்சாது. பகல் தூக்கம் போக 40 மணி நேரம் பார்த்துக்கொள்பவரிடம். அந்த 40-இல் டிவி ஓடுகிறது, அவர் பேசாமல் ஊட்டுகிறார் என்றால், பிள்ளைக்கு மூன்று மொழி கிடைப்பதாக நாம் நினைக்கிறோமே தவிர, உண்மையில் ஒன்றுகூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

விழித்திருக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கேட்கும் மொழியைப் பிள்ளைகள் பேச முற்படுவதில்லை என்பது ஆய்வாளர்கள் கவனித்த ஒன்று. அது சட்டம் இல்லை, ஆனால் கணக்குப் போட உதவும்: 84-இல் ஐந்தில் ஒன்று சுமார் 17 மணி நேரம். தமிழ் 17-ஐத் தொடவில்லை என்றால் பிள்ளை தமிழ் பேசாததில் வியப்பில்லை. பார்த்துக்கொள்பவரைத் தமிழோ அரைகுறை ஆங்கிலமோ பேசச் சொல்லாதீர்கள். அவருக்குச் சரளமாக வரும் கன்னடத்தில், டிவியை நிறுத்திவிட்டு, வாய் ஓயாமல் பேசச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அதிக நேரம் பேசக்கூடியவர் அவர்தான். தெரபிஸ்டைப் பார்க்கப் போகும்போது முடிந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

திரை ஏன் கணக்கில் வராது? 2003-இல் பாட்ரிசியா கூலின் குழு, ஆங்கிலம் மட்டுமே கேட்ட 9 மாதக் குழந்தைகளுக்கு 12 அமர்வுகளில் மாண்டரின் பேசிக் காட்டியது. நேரில் ஒருவர் உட்கார்ந்து பேசியபோது குழந்தைகள் அந்த ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே ஆளின் வீடியோவைப் பார்த்தவை பிடிக்கவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரையும் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்பதுதான்; தாத்தா பாட்டியோடு வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு.

'ஒரு ஆள், ஒரு மொழி' என்ற விதியைப் பிடித்துத் தொங்க வேண்டாம். முடிந்தால் நல்லது, அவ்வளவுதான். பெல்ஜியத்தில் ஆனிக் டி ஹவுவர் 2007-இல் வெளியிட்ட, ஏறத்தாழ 1,900 குடும்பங்களைப் பார்த்த ஆய்வில் அந்த விதியைப் பின்பற்றிய வீடுகளிலும் ஒரு மொழி கைவிட்டுப்போனது உண்டு. தமிழ் வீடுகளில் நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. "ஹேண்ட் வாஷ் பண்ணு", "டோர் க்ளோஸ் பண்ணு", "பாக்ஸ் ஓபன் பண்ணு", "மில்க் ஃபினிஷ் பண்ணு" என்றே நாள் முழுக்கப் பேசுகிறோம். இதில் பிள்ளைக்குக் கிடைக்கும் தமிழ் 'பண்ணு' ஒன்றுதான். கழுவு, மூடு, திற, முடி எல்லாவற்றையும் அந்த ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது. கலந்து பேசுவது பாவம் இல்லை, எல்லாரும்தான் பேசுகிறோம். ஆனால் பிள்ளையிடம் பேசும்போது மட்டும் வினைச்சொல்லைத் தமிழிலேயே வையுங்கள். அதில் ஒரு லாபமும் உண்டு. தா, வா, போ, வை, எடு, ஊத்து: தமிழ் ஏவல்கள் ஓரசை ஈரசைதான், முதல் சொற்களாக வைக்க இதைவிட நல்ல சரக்கு கிடையாது. பெற்றோர் பெயர்ச்சொல்லாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள்: ஆப்பிள், கார், யானை. யானையை வைத்துப் பிள்ளை என்ன கேட்க முடியும்? "தா", "போதும்", "இன்னும்", "வேணாம்" நான்கும் வந்தால் நாள் முழுக்கப் பயன்படும், அழுகையும் குறையும்.

பேசும் முறைக்கு ஒரு அளவு: பிள்ளை சொல்வதைவிட ஒரு சொல் அதிகம். அவன் ஒன்றும் சொல்லாமல் பாலைக் காட்டினால், "பால்." அவன் "பா" என்றால், "பால் வேணும்." அவன் "பால் வேணும்" என்றால், "சூடா பால் வேணும்." அவனுக்கு ழ வராமல் "பயம்" என்றால் திருத்தாதீர்கள், "ஆமா, பழம். மஞ்சப் பழம்" என்று சரியான வடிவத்தைத் திரும்பக் கேட்கக் கொடுத்தால் போதும். ழ, ற எல்லாம் கடைசியில் வருகிற ஒலிகள், இப்போது அவற்றைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணுங்கள். இது சுலபம்போலத் தோன்றும், செய்து பார்த்தால் தெரியும். பெரும்பாலோர் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வியைப் போட்டுவிடுகிறார்கள். "இது என்ன? அது என்ன கலர்? மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்ற பரீட்சையும், "சொன்னாத்தான் தருவேன்" என்ற பேரமும் வாயை மேலும் மூடவைக்கும். கேட்காமலே கிடைக்காதபடி மட்டும் பொருளை வையுங்கள்: பிஸ்கட்டைப் பார்வைக்குத் தெரியும் மூடிய டப்பாவில், கைக்கெட்டாத உயரத்தில். அவன் பார்த்தால், காட்டினால், முனகினால், "திற" என்று சொல்லி, ஐந்து எண்ணி, சொல்லாவிட்டாலும் திறந்து கொடுத்துவிடுங்கள். இப்படிக் குளியல், உடுப்பு, சாப்பாடு என்று மூன்று வேளைக்கு பத்துப் பத்து நிமிடம், தினமும் அதே சொற்கள்.

ப்ளே ஸ்கூல் சொன்ன 'இங்கிலீஷ் மட்டும்' பற்றி ஒன்று. உண்மையான மொழிக் கோளாறு உள்ள பிள்ளைகளிடம்கூட அது உதவுவதில்லை. மாண்ட்ரியல் நகரின் பிரெஞ்சு-ஆங்கிலப் பிள்ளைகளை வைத்து ஜொஹான் பாரடி, ஃப்ரெட் ஜெனஸி குழுவினர் 2003-இல் பார்த்தபோது, கோளாறு உள்ள இருமொழிப் பிள்ளைகள், அதே கோளாறு உள்ள ஒருமொழிப் பிள்ளைகளைவிட மோசமாக இல்லை. தெரபி ஆங்கிலத்தில் நடந்தால் தவறில்லை. இந்த வாரம் எந்தக் குறிக்கோள் என்று கேட்டு, அதையே வீட்டில் தமிழில் செய்யுங்கள். வாரம் ஒரு மணி நேரத் தெரபியைவிட மீதி 83 மணி நேரம் பெரியது.

பாட்டியின் பேச்சுக்கும் பதில்: ஆண் பிள்ளைகள் சராசரியாக ஓரிரு மாதம்தான் பின்தங்குவார்கள், ஒரு வருடம் இல்லை. "அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்பது ஆறுதல் இல்லை, குடும்ப வழி வரும் ஆபத்துக் காரணி. மருத்துவரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். நாக்கு ஒட்டியிருப்பது சில ஒலிகளைக் கெடுக்கலாம், பேச்சே வராமல் செய்யாது. வசம்பைத் தேனில் உரைத்து நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது ஆபத்தும்கூட. 'மூளை டானிக்' எதற்கும் செலவழிக்காதீர்கள்.

உங்கள் பையனைப் பொறுத்தவரை: ஏழு நாள் எண்ணிய பின்னும் எல்லா மொழியும் சேர்த்து 50-க்கு மிகக் குறைவு, ஆனால் புரிகிறது, கைகாட்டுகிறான், காது சரி என்றால், தாமதமாகப் பேசும் பிள்ளை. இந்த வகையில் பெரும்பாலோர் மூன்று, நான்கு வயதுக்குள் சேர்ந்துகொள்வார்கள். யார் சேர மாட்டார்கள் என்று இப்போதே சொல்ல முடியாது என்பதால்தான், வீட்டுப் பயிற்சியைத் தெரபிஸ்டிடம் கற்றுக்கொண்டு செய்து, மூன்று மாதத்தில் மறுபடி அளக்கச் சொல்கிறார்கள். புரிவதும் குறைவு என்றால் மூன்று மாதம்கூட வேண்டாம். முன்பு சொன்ன சொற்களை இப்போது சொல்வதில்லை என்றால், எந்த வயதானாலும் அந்த வாரமே.

பேச்சுத் தெரபிஸ்டுக்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. பெங்களூரிலிருந்து மைசூரு அகில இந்தியப் பேச்சு-கேட்டல் நிறுவனம் ஒரு நாளில் போய்வரக்கூடிய தூரம். காதும் பேச்சும் ஒரே இடத்தில் பார்த்துவிடலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மாவட்டத்து டிஇஐசி, அதாவது குழந்தைகளின் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசு மையம், இலவசம். சென்னையை ஒட்டி முட்டுக்காட்டில் என்ஐஈபிஎம்டி என்ற, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த தாளையும் அரைமணிக் கட்டத்தையும் எடுத்துப்போங்கள். கூடவே வீட்டில் அவன் இயல்பாக விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோ மூன்று, அம்மாவுடன், அப்பாவுடன், பார்த்துக்கொள்ளும் அக்காவுடன். புது அறையில், புது ஆள் முன்னால், பிள்ளை அநேகமாக வாயே திறக்காது.